நாத்தனார் கேட்ட கேள்வி

"லாபம்னு போட்டிருக்கீங்க. அந்தப் பணம் வங்கிக்கு வந்துச்சா, இல்ல காகிதத்தோட நின்னுடுச்சா?"

மைக்கைப் பிடித்து நின்றவரைப் பார்த்ததும் கடைசி வரிசையில் இருந்த அவளுக்குப் பகீரென்றது. நாத்தனார்! மேடையில் பதில் சொல்ல வேண்டியவரோ அவள் கணவர்.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் சின்னக் கம்பெனி அவருடையது. பெரிய மருத்துவமனை ஒன்று கைவிட்டதிலிருந்து பங்கு விலை தரையைத் தொட்டுவிட்டது. அவரே பொறுப்பில் நீடிப்பதா, வீட்டுக்குப் போவதா என்று பங்குதாரர்கள் இன்று ஓட்டுப் போடுகிறார்கள்.

பங்கு வைத்திருப்பவர்களுக்கு வாசலில் மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். அட்டை இருந்தால்தான் வாய் திறக்கலாம். அவளுக்குப் பார்வையாளர் நாற்காலிதான்.

வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற நாத்தனாருக்குக் குடும்பத்தில் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். மளிகைக் கடை ரசீதைக்கூட விட்டுவைக்க மாட்டார். அதற்காக, நோண்டுவதற்குக் கூடப் பிறந்த தம்பியின் கணக்குத்தானா கிடைத்தது? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"போன வருஷம் பாதிப் பணம் வரலைங்க. கடனுக்கு வித்தது எங்க தப்பு. இப்ப மாசச் சந்தா. பணம் கட்டினாதான் மென்பொருள் திறக்கும். பழைய பாக்கியும் வசூலாயிடுச்சு."

"விற்பனையில பாதி ஒரே இடத்தை நம்பி இருந்துச்சு. அதுவும் போச்சு. இனிமே எதை வெச்சு சம்பளம் குடுப்பீங்க?"

முன்வரிசையில் பெரிய முதலீட்டாளர் ஒருவர் வாய்கொள்ளாமல் சிரித்தார். கணவரைக் கவிழ்க்கவே வந்தவர் அவர்.

'பாவி! எதிராளிக்கு எடுத்துக் கொடுக்கிறாளே!' அவள் பல்லைக் கடித்தாள்.

"அந்த ஒண்ணு போனதை எல்லாரும் பார்த்தாங்க. அப்புறம் நாற்பது சின்ன ஆஸ்பத்திரி வந்ததை யாரும் பார்க்கலை!" கணவரின் குரல் ஏறியது. "இனிமே யாரோ ஒருத்தர் போனா கம்பெனி படுத்துடாது!"

"கடன்?"

"சல்லிக்காசு இல்லை!"

கூட்டம் கைதட்டியது. முதலீட்டாளர் தன் கேள்வித்தாளை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அவர் கேட்பதற்கு மிச்சம் எதுவும் இல்லை.

ஓட்டு எண்ணி முடித்தார்கள். கணவருக்கு அமோக வெற்றி! அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அந்த வேகத்திலேயே நாத்தனாரை வாசலில் மடக்கினாள்.

"பார்த்தீங்களா அண்ணி? நீங்க குழி பறிச்சும் ஜெயிச்சுட்டார்!"

"பார்த்தேம்மா. எல்லார் மனசுலயும் கிடந்த கேள்விதான். யாராவது போட்டு உடைச்சாதானே அவன் பதில் சொல்ல முடியும்?"

"கூடப் பிறந்த தம்பி மேலயே நம்பிக்கை இல்லையே உங்களுக்கு!"

நாத்தனார் கோபப்படவில்லை. கழுத்தில் தொங்கிய மஞ்சள் அட்டையைக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

"போன மாசம் எல்லாரும் வித்துட்டு ஓடினாங்களே, அப்ப மூணு வருஷக் கணக்கையும் கரைச்சுக் குடிச்சுட்டு, என் ஓய்வுப் பணம் மொத்தத்தையும் போட்டு வாங்கினது நான்தாம்மா."