ஜல்லிச் சத்தம்

மோட்டார் ரூமுக்குள் யாரோ ஜல்லியைக் கொட்டிக் கிளறுவதுபோல் சத்தம்.

வேதவதி மாமி வாசலில் நின்று கையை நீட்டினார். எங்கள் ஸ்ரீரங்கம் அபார்ட்மெண்டுக்கு அவர்தான் செயலாளர்.

“இன்னிக்கும் சத்தம் நிக்கலேன்னா சாவியைக் குடுத்துடு யமுனா. வெளியாளை வெச்சு மோட்டாரையே மாத்திடறோம்.”

நான் திருவெறும்பூரில் மாலை வகுப்புக்குப் போய்ப் பம்பு இயக்கப் படிக்கிறேன் என்பதற்காக நம்பிக் கொடுத்த சாவி. நான் தனியாக ஓட்டும் ஒரே பம்பும் அதுதான்.

இரண்டாம் மாடி ரெஜிஸ் அண்ணன் பல் தேய்த்தபடி எட்டிப் பார்த்தார். “ஏம்மா, நீ படிக்கிறது பம்பா, கிரைண்டரா?”

சிரித்துவைத்தேன். முதலில் ஸ்விட்சை அணைத்தேன்.

இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பம்புக்கு வந்துசேரும் தண்ணீர் போதாவிட்டால் உள்ளே நீராவிக் குமிழிகள் உண்டாகும். அவை உடைந்து உடைந்து சுழலும் சக்கரத்தையே அரித்துவிடும்.

ஆனால் ரூமுக்குள் எல்லாம் சரியாக இருந்தது. நேற்றும் சரி, முந்தாநாளும் சரி. நான் படித்ததே தப்போ என்றுகூடத் தோன்றியது.

கீழ்த்தொட்டியிலிருந்து வரும் குழாயைக் கையால் தடவிக்கொண்டே வெளியே போனேன். குழாயை முழுக்கத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே சொன்னார்கள். எழுதிவைத்தேன், செய்யவில்லை.

குழாய் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டுத் தேசிகன் மாமாவின் துளசிச் செடிகளுக்குப் பின்னால் ஓடியது. அங்கே ஒரு வால்வு. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

முக்கால்வாசி மூடியிருந்தது.

முழுக்கத் திறந்தேன். ரூமுக்குத் திரும்பி, மொட்டை மாடிக்குப் போகும் குழாயின் வால்வை மூடி, ஸ்விட்சைப் போட்டு, வால்வை மெல்லத் திறந்தேன்.

ஜல்லி நின்றது. தண்ணீர் ஏறும் சத்தம் மட்டும் கேட்டது.

துளசிக்குப் பின்னால் ஒரு வால்வு மூடியிருந்ததைச் சொன்னேன். மாமி நீட்டிய கையை இறக்கினார். “அதை யார் மூடினது?”

சுவருக்கு அந்தப் பக்கம் செடிகளுக்குத் தண்ணீர் விட வந்த தேசிகன் மாமா சொம்பைக் கீழே வைத்தார்.

“நான்தான். விடியக்காலம்பற இந்தக் கொழந்தை சத்தமாப் படிக்கறா. மோட்டார் இரைச்சல் அவளுக்கு இடைஞ்சலா இருக்குமேன்னு கொஞ்சம் மூடினேன். இரைச்சல் ஜாஸ்தியாச்சு. சரி போறலைன்னு தினம் இன்னும் கொஞ்சம் மூடினேன்.”

மாடியில் ரெஜிஸ் அண்ணனுக்குப் புரையேறியது.

“வால்வை மூடினா சத்தம் குறையும்னு உங்களுக்கு யார் சொன்னா?” என்றார் மாமி.

மாமா தயங்கி என்னைப் பார்த்தார்.

“இவதான். ‘சத்தம் கேட்டால் வெளியேறும் குழாயின் வால்வை மெல்ல மூட வேண்டும்’னு தினம் பாராயணம் பண்றாளே. எனக்குத் தெரிஞ்ச வால்வு இது ஒண்ணுதான்.”

மாமி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்கினார் என்றுதான் நினைக்கிறேன்.

“சாவி உங்கிட்டயே இருக்கட்டும். பாடத்தை மட்டும் இனிமே மனசுக்குள்ளே படி.”