எட்டு சென்டிமீட்டர்

தாடைக் கட்டியை வெட்டியெடுத்த இடத்தில், தையல்காரியின் கணவருக்கு அவரது இடது காலிலிருந்து எட்டு சென்டிமீட்டர் எலும்பை எடுத்துப் பொருத்தியிருந்தார்கள். ஆறு மாதம் நொண்டுவார் என்றார் டாக்டர். மூன்றாம் வாரமே மனிதர் மாடிப்படியில் விடுவிடுவென்று ஏறினார். அவளுக்கு அப்போதே மனதுக்குள் ஏதோ உறுத்தியது.

இன்று எக்ஸ்ரே எடுத்தவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாடையில எலும்பு நல்லா ஒட்டிடுச்சுக்கா. ஆனா கால்ல எடுத்த மாதிரியே தெரியலையே. முழுசா இருக்கு."

"தழும்பு இருக்கே?"

"அதான் எனக்கும் புரியல."

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "ஏங்க, அப்போ உங்க தாடையில இருக்கிறது யாரு எலும்பு?"

"இத்தனை நாள் கழிச்சு இப்பத்தான் கடிக்க முடியுது. அது பொறுக்கலையா உனக்கு?" அவள் முகத்தைப் பார்க்காமல் வறுத்த கடலையை அள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

அவள் தையல் மெஷினை மிதித்தாள். அவருக்கு ஆபரேஷன் ஆன நாளிலிருந்து மக்கர் செய்யும் அவளது இடது கால் இன்றும் துவண்டது. தடவிப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம், விரல் பஞ்சில் அமுங்குவதுபோல் அமுங்கியது. தழும்பு ஏதும் இல்லை. கழுத்தில் கிடந்த டேப்பை வைத்து அளந்தாள். எட்டு.

அடுத்த அறையில் அவர் ஒரு கடலையைக் கடித்தார். அவள் காலில் சுரீரென்றது.

"கொஞ்சம் மெதுவா மெல்லுங்க," என்றாள்.