கம்பெனிக்காரன் கால்

அலபாமா ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று, லாமரின் வலது காலை என் தோளில் ஏந்தியிருக்கிறேன். சிறைக்குப் பதிலாகத் தனியார் கம்பெனி அவன் கணுக்காலில் பூட்டிய கண்காணிப்புக் கருவி வெயிலில் மின்னுகிறது. அதில் தண்ணீர் ஏறிச் சிக்னல் போனால் மறுபடி சிறைதான். அது கழலும்வரை ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்க அவனுக்கு மனமில்லை. கரையிலிருந்து அவனுடைய அத்தை வெர்லீன், "ஒத்தக் காலு நனையாம அது என்னய்யா முழுக்கு?" என்கிறாள். "அந்தக் காலு கம்பெனிக்காரன் வசம் இருக்குக்கா. மிச்சத்தக் கர்த்தர் எடுத்துக்கட்டும்," என்று பாஸ்டர் அவனை மல்லாக்கச் சாய்க்கிறார். தலை, நெஞ்சு, கைகள் எல்லாம் பழுப்பு நீருக்குள் போகின்றன. கோழி இறைச்சி ஆலை வேலையில் மரத்துப்போன என் தோளில் அந்தக் கால் மட்டும் வெளியே நிற்கிறது. கரையில் சபையார் பாடிக்கொண்டிருந்த பாட்டு நிற்கிறது. ஆற்றைக் கிழித்துக்கொண்டு அவன் எழுகிறான், மூச்சிரைக்கச் சிரிக்கிறான். கரை முழுக்கக் கைதட்டுகிறது. வெர்லீன் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடும் செருப்போடும் கைகளை விரித்தபடி அவனை நோக்கி ஆற்றில் இறங்கி வருகிறாள்.