ஆணிக்குக் காவல்

"மீனம்மா, சுவரெல்லாம் தொடைங்க. அந்த ஆணிய மட்டும் தொட்டுறாதீங்க!"

மேனேஜர் சுமன் போட்ட சத்தத்தில் மீனம்மா ஈரத்துணியைச் சட்டென்று இறக்கிக்கொண்டாள். காலையில் இருந்து நின்று நின்று முழங்கால் இரண்டும் கெஞ்சின. கூடத்தில் இன்னொரு பஸ் கூட்டம் வந்து இறங்கியிருந்தது. இறம்பொடை அருவியில் நனைந்த காலோடு அப்படியே ஏறி வந்து, சுவரில் இருந்த ஒற்றை ஆணிக்குப் பக்கத்தில் ஆளாளுக்கு நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆணிக்குக் கீழே ஒரு சின்னப் பலகை: 'பெயர் தெரியாத பெண்'.

அத்தனை சேற்றுக் கால்தடத்தையும் அவள்தான் துடைக்க வேண்டும்.

போன மாதம் வரை அந்த ஆணியில் ஒரு படம் தொங்கியது. இந்த ஹோட்டல் தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவாக இருந்த காலத்தில், தங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் வரைந்தது. பங்களா ஹோட்டலாகி எத்தனையோ பேர் வந்து போனார்கள். படத்துக்குக் கீழே நின்றுகொண்டு கழிவறைக்கு வழி கேட்பார்களே தவிர, ஒருவரும் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஒருநாள் காலையில் படத்தைக் காணோம். பொலிஸ் வந்தது. பின்னாலேயே டிவிக்காரர்கள் வந்தார்கள். ஹோட்டலுக்கு அடித்தது யோகம்.

அன்றைக்கு இரவுக் காவலில் இருந்த பழனியாண்டிக்குத்தான் கெட்ட நேரம். சுமன் அவரை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மீனம்மா இருக்கும் அதே லயத்து வரிசை வீடுகளில்தான் அவரும் இருந்தார். ஆட்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள் என்று, பொதுப் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கக்கூட அவர் வெளியே வருவதில்லை. எதேச்சையாக எதிரே வந்துவிட்டாலும் மீனம்மாவால் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்படி என்னதான் இருந்துச்சுக்கா அந்தப் படத்துல?" வரவேற்பு மேசையில் இருந்த தனுஷிகா கேட்டாள். "நான் வேலைக்கு வந்து ஒரு வருசமாச்சு. ஒருநாளும் ஒழுங்காப் பார்த்ததில்ல."

"ஒரு பொம்பள கொழுந்து எடுக்குறா. அவ்வளவுதான்."

"சிரிச்சுக்கிட்டா?"

"தலையில அம்புட்டுக் கூடைக் கனத்த மாட்டிக்கிட்டு யாரும்மா சிரிப்பா?"

தனுஷிகாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. "பாரிஸ்ல ஒரு படம் இருக்குல்லக்கா, உலகமே போய்ப் பார்க்குதே, அதுவும் ஒருக்கா களவு போச்சாம். அதுக்குப் பிறகுதான் அதுக்கு இம்புட்டுப் பேராம். படம் இல்லாத வெறுஞ்சுவரப் பார்க்கவே சனம் வரிசையில நின்னுச்சாம். காணாமப் போனாத்தான் மதிப்பு போல."

"இருக்கையில ஒருத்தரும் பார்க்கல." மீனம்மாவுக்குச் சொல்லவே அலுப்பாக இருந்தது. வாளியைக் கவிழ்த்துவிட்டு, காலையில் இருந்து மூலையில் சாய்த்து வைத்திருந்த சாக்கைத் தூக்கிக்கொண்டாள். சமையலறையில் சேரும் காய்கறித் தோலை மாட்டுக்காக அவள் தினமும் கொண்டுபோகும் சாக்கு அது. ஆனால் வாசல் பக்கம் போகாமல் மேனேஜர் அறைக்குப் போனாள்.

"என்ன, தோல் மூட்டையோட உள்ள வர்றீங்க?"

"ஒரு வார்த்தை சேர். பழனியாண்டி அண்ணனத் திருப்பி வேலைக்கு எடுங்க. அவரு கள்ளன் இல்ல."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மீனம்மா சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் படம் திரும்பி வந்திருச்சுன்னா அவர எடுப்பீங்களா சேர்?"

சுமன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "வாயக் கழுவுங்க மீனம்மா! படம் வந்திருச்சுன்னா இங்க எவன் வருவான்? அடுத்த மாசம் வரைக்கும் ஒரு ரூம் காலி இல்ல. யாராவது அதத் தூக்கிட்டு வந்தாக்கூட, பின்வாசல்லயே வச்சுத் திருப்பி அனுப்பிருவேன்."

"நெசமாவா சேர்?"

"சத்தியமா."

மீனம்மா சாக்கைத் தனக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

"அப்ப படம் போனது நல்லதுதானே சேர்? நல்லது நடந்ததுக்கு அந்த மனுசன ஏன் தண்டிக்கிறீங்க?"

சுமன் சிரித்துவிட்டார். "சரி, நாளைக்கு வரச் சொல்லுங்க. ஆளாளுக்கு அந்த ஆணியத் தொட்டுப் பார்க்குறாங்க, புடுங்கிட்டுப் போனாலும் போயிருவாங்க. அதுக்கே ஒரு காவல் வேணும். புதுசா யூனிஃபோர்மும் தர்றேன்."

மீனம்மாவுக்கு ஒரு மாதப் பாரம் இறங்கியது. கூடத்தைக் கடக்கும்போது, ஆணியோடு நின்றிருந்த ஒருவர் முகம் சுளித்தார்.

"கொஞ்சம் தள்ளிப் போங்கம்மா, சாக்கு மறைக்குது."

தள்ளிப் போனாள்.

லயத்துக்கு ஏறியதும் முதலில் பழனியாண்டியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டபோது நிற்க முடியாமல் தன் காம்பிராவுக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டாள். சாக்கைக் கொட்டினாள். தோலுக்கு அடியில், பொலித்தீனில் சுற்றியபடி, திருப்பிக் கொடுக்கலாம் என்று காலையில் அவள் எடுத்துப்போன அந்தப் படம் இருந்தது.

அதில் கொழுந்து எடுப்பவள், போட்டோ ஒன்றுகூட எடுக்காமல் செத்துப்போன அவள் தாய் லெட்சுமி. அவளுக்குத் திவசத்தன்று ஒரே ஒரு படையல் வைத்துவிட்டு மறுநாள் காலையில் மாட்டிவிடலாம் என்று அவள் கொண்டுவந்த படம். காலையில் அவள் போவதற்குள் பொலிஸ் வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் படத்தில் இருந்த முகத்தைத் துடைத்து அதைச் சுவரில் மாட்டினாள் மீனம்மா.

"அம்மா, இனிமே நீ வேலைக்குப் போக வேணாம்."