யார் திருப்பச் சொன்னது?

நாரை டீச்சர் பெரியவர்களுக்கென்று நடத்திய பாலே நடன வகுப்பில் புள்ளிமான் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்றுதான் புதிதாகச் சேர்ந்த எருமை, சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன்னால் முடிந்த அளவுக்குக் காலைத் தூக்கியது. பக்கத்தில் நின்ற மானுக்குப் பொறுக்கவில்லை.

"முட்டியை நல்லா வெளிப்பக்கமாத் திருப்புங்கக்கா," என்று கிசுகிசுத்தது.

"வலிக்குதும்மா."

"முதல்ல அப்படித்தான் இருக்கும். திருப்புங்க."

எருமை திருப்பியது. மளுக்கென்று ஒரு சத்தம். அடுத்த நொடி அது தரையில் கிடந்து முனகியது.

நாரை ஓடிவந்து எருமையின் முட்டியைத் தொட்டுப் பார்த்தது. "வலிச்சா நிறுத்திடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! யார் இப்படித் திருப்பச் சொன்னது?"

இனி இந்தப் பக்கமே தலைகாட்ட முடியாது என்று மானுக்குத் தோன்றியது.

"யாரும் சொல்லல டீச்சர். நானா ஆசைப்பட்டுத் திருப்பிட்டேன்," என்றது எருமை, மானின் பக்கம் பார்க்காமலே.

முட்டி மளுக்கென்றதைவிட அந்தப் பதில்தான் மானைத் தூக்கிவாரிப் போட்டது.

"நான்தான் சொன்னேன் டீச்சர்," என்றது மான், முன்னால் வந்து.