சுமார் என்று சொன்ன வாய்

டென்னிஸ் வீட்டு வாசலில் பக்தவச்சலம் காறித் துப்பினார். தண்ணீர்க் குழாய்த் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீடு அது.

"இன்னா பெரியவரே, காலங்காத்தால?" லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே டென்னிஸ் வெளியே வந்தார்.

"என் பொண்ண சுமார்னு சொன்னியே, அது வாயாடா? சாக்கடைகூட அவ்ளோ நாறாது!"

"நானா? யாராண்ட சொன்னேன்?"

பக்தவச்சலம் இன்னொரு முறை துப்பிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மகள் மமதாவைத் தன் பையன் உதய்க்குக் கேட்டிருந்த பங்காருபேட்டை சம்பங்கி, முந்தின நாள்தான் போன் செய்திருந்தார். "உங்க ஊர்ல அஞ்சு பேரை விசாரிச்சோம். ஒருத்தர் மட்டும் சுமார்னு சொல்லிட்டாராம். வீட்ல தயங்கறாங்க."

அதிலிருந்து பக்தவச்சலத்துக்குச் சோறு இறங்கவில்லை. "மோசம்னு சொல்லியிருந்தா சட்டையப் புடிச்சிருப்பேன். சுமாராம்! ஊசிப்போன குழம்ப மோந்து பாத்துட்டுச் சொல்ற வார்த்தை!"

"நம்ம மேலயும் தப்பு இருக்குங்க. காலேஜ்லயே அவ முதல் மார்க் வாங்கினப்போ, பக்கத்து வீட்டுக்கு ஒரு மிட்டாய் குடுக்க விட்டீங்களா?" என்றாள் மனைவி சரோஜம்மா.

"நம்ம வீட்டுப் பெருமைய நாமே பேசிக்கினா அது குடும்பம் இல்ல, சந்தைக்கடை."

மமதா பையை எடுத்துக்கொண்டு பெங்களூரு ரயிலுக்குக் கிளம்பினாள். அதே ரயிலில்தான் உதயும் வேலைக்குப் போகிறான். இன்று வேறு பெட்டியில் ஏறிக்கொள்வதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்த பிறகு பக்தவச்சலத்துக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பத்து மணிக்கெல்லாம் பங்காருபேட்டையில் சம்பங்கியின் கூடத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கொடுத்த காபியைத் தொடவில்லை.

"பேரச் சொல்லுங்க. பக்கத்து வீட்டு டென்னிஸ்தானே?"

"அட, அவரா? 'பொண்ணு சொக்கத் தங்கம், அப்பாதான் கொஞ்சம் முரடு'ன்னாராம்."

பக்தவச்சலம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்போ எவன் அவன்? என் குடும்பத்து மேல மலத்தப் பூசினவன் மூஞ்சிய நான் பாக்கணும்."

"பேர் தெரியாதுங்க. என் மச்சான் ரவிகுமார்தான் போய் விசாரிச்சான். கல்யாண விஷயம்னா எல்லாரும் பூசி மெழுகுவாங்கன்னு, வேலைக்கு ஆள் எடுக்கிற கம்பெனிக்காரன் மாதிரி பேசச் சொன்னேன். உங்க ஊரு ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டுல யாரோ ஒருத்தர், நல்ல உயரமாம், 'அந்தப் பொண்ணா? தெரியும். சுமார்தான்'னுட்டு பஸ் ஏறிட்டாராம்."

"தூ! அவனும் ஒரு மனுஷனா? நேர்ல பாத்தா உங்க மச்சான் அடையாளம் காட்டுவாரா?"

"காட்டாம? மச்சான், கொஞ்சம் இங்க வா!"

உள்ளேயிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்த ரவிகுமார், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"அட, இவரேதான் மாமா! எப்படிப் புடிச்சீங்க?"