போகாத துண்டு

ஒரு மாதத்துக்கு என்று சொல்லித்தான் அம்மாவை அண்ணன் வீட்டில் விட்டிருந்தாள். அதற்குள் அம்மாவின் அறையை இடித்து ஹாலோடு சேர்த்துவிட வேண்டும். இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஊருக்கெல்லாம் வீட்டு வரைபடம் போடுகிறவள். மதிய இடைவேளையில் அலுவலகக் கணினியில் தன் வீட்டுப் படத்தைத் திறந்து, கோடுகளை வெட்டும் ட்ரிம் கட்டளையைக் கொடுத்து, அம்மாவின் அறைக்கும் ஹாலுக்கும் நடுவிலிருந்த சுவரின் கோட்டை வெட்டினாள். இரண்டு ஓரமும் மறைந்தன. நடுவில் ஒரு துண்டு மட்டும் நின்றது. எத்தனை முறை அழுத்தியும் போகவில்லை.

"என்னடி, சொந்த வீடுன்னதும் கை வர மாட்டேங்குதா?" பக்கத்து இருக்கைத் தோழி எட்டிப் பார்த்தாள். "வேற ஏதாவது கோடு முட்டிக்கிட்டு இருக்கும், பாரு."

எந்தக் கோடும் இல்லை. துண்டை அளந்தாள். அம்மாவின் கட்டில் நீளம். அந்தச் சுவரை ஒட்டித்தான் கட்டில் கிடக்கிறது. ஆனால் படத்தில் அவள் கட்டிலை வரையவேயில்லை.

அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"அடுத்த வாரம் வந்துடட்டுமாடி?"

"இன்னும் கொஞ்ச நாள் இரும்மா. வீட்ல வேலை நடக்கப் போகுது."



"சரி. என் கட்டிலை யாருக்காவது குடுத்துடு. எனக்கு இங்கயே பழகிடுச்சு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். மவுஸை அவள் தொடவில்லை. திரையில் சுவர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"அட, போயிடுச்சே," என்றாள் தோழி. "என்னடி பண்ணினே?"